பூஞ்சை மாத்திரையும் படிக்கட்டுச் சுவரும்

துளி என்றால் அந்தக் கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் மேசைக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக நின்றுகொண்டு, "இன்னும் ஒரு துளி, ஒரே ஒரு துளி" என்று சொல்லிச் சொல்லியே மனிதருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வேலை என்னவோ கேட்பதற்கு எளிது. யாராவது பழைய சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வருவார்கள். அதே நிறத்தில் பெயிண்ட் வேண்டும், ஒட்டுப்போட்ட இடம் தெரியக் கூடாது. துளி சில்லை ஈரத்துணியால் துடைப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார். வெள்ளை பெயிண்டில் ஸ்டெய்னர் என்கிற அடர்நிறக் குழம்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குவார். அட்டையில் ஒரு தீற்று தீற்றி, தலைமுடி உலர்த்தும் மெஷினால் காயவைத்து, கடைவாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஈர நிறத்தை நம்புகிறவனையும் குழல்விளக்கில் நிறம் பார்க்கிறவனையும் அவர் மனுஷக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

முதலாளி நாலு வருஷத்துக்கு முன்னால் நிறம் படிக்கும் மெஷின் ஒன்றை வாங்கிவைத்தார். புதுச் சுவருக்கு அது நன்றாகத்தான் கலந்து கொடுத்தது. பழைய சுவர் என்றால் வெயில், புகை, கைப்பிசுக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துவிட்டு எதையாவது துப்பும். "அது பாக்குதுங்க, கவனிக்க மாட்டேங்குது" என்பார் துளி. அந்த ஒரு வாக்கியத்தை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது. கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு மனிதருக்கு ஒரு கர்வம்கூட இல்லாவிட்டால் காலையில் எழுந்து எதற்காகச் சட்டை போடுவது?

சிகரெட்டை விட்டுப் பதினோரு வருஷம் கழித்து நுரையீரலில் புற்றுநோய் வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாய் கசந்தது, துளி பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். நாலாவது தடவை ஏற்றிய பிறகு காய்ச்சல் பிடித்தது. வழக்கமான மருந்துகள் எதற்கும் அது இறங்கவில்லை. இருமலில் லேசாக ரத்தம் வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், பழைய கட்டி சுருங்கியிருக்க, வேறொரு இடத்தில் புதிதாக ஒரு திட்டு.

அது என்னவென்று தெரிய நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாள் அவருடைய மனைவிக்கு எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லி மாளாது. அவள் பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டுக்கும் கேட்கிற குரல். அந்தக் குரல் அந்த நாலு நாளும் வெளியே வரவில்லை. புற்று பரவிவிட்டது என்றே வீட்டில் முடிவுகட்டி விட்டார்கள். மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு, உள்ளே கழுவி எடுத்த நீரைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார், அது புற்று இல்லை, பூஞ்சை.

"பூஞ்சையா? ரொட்டில வருமே, அதா?" என்று கேட்டாள் மனைவி. முகத்தில் ஒரு சிரிப்பே வந்துவிட்டது. "அப்பாடா!"

"அப்பாடான்னு சொல்லாதீங்கம்மா," என்றார் டாக்டரம்மா. "இப்போதைக்கு இதுதான் அவசரம். இந்தப் பூஞ்சைத் தூள் காத்துல எப்பவும் இருக்கும். நீங்க, நான், எல்லாருமே தினம் உள்ள இழுக்கறோம். உடம்பு பெருக்கித் தள்ளிடும். இவருக்கு ஏத்தற மருந்து புற்று செல்லோட சேர்த்து அந்தப் பெருக்கற ஆளுங்களையும் படுக்கப் போட்டிருச்சு. அதான் உள்ளயே முளைச்சிருச்சு."

"பெயிண்ட் கடையிலருந்து வந்துச்சா டாக்டர்?"

"எங்கருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாது. தூசில நிக்காதீங்க, கட்டட வேலை நடக்கற பக்கம் போகாதீங்க, மாஸ்க் போடுங்க. ஒண்ணு மட்டும் நல்லா மனசுல வச்சுக்குங்க. பூஞ்சை அடங்கற வரைக்கும் புற்றுக்கு மருந்து ஏத்த முடியாது. நாம நிறுத்திட்டோம்னு புற்று நிக்காது."

விஷயம் இவ்வளவுதான். பூஞ்சை சீக்கிரம் அடங்கினால் சிகிச்சை தொடரும். இழுத்துக்கொண்டே போனால், ஒன்றுக்குப் பார்க்கிற வைத்தியத்துக்காக இன்னொன்று காத்திருக்கும் என்று நினைப்பதற்கில்லை.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் ஊசிவழி மருந்து போட்டார்கள். பிறகு அதையே மாத்திரையாகக் கொடுத்து அனுப்பினார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, வெறும் வயிற்றில், குறைந்தது மூன்று மாதம். கிளம்பும்போது டாக்டரம்மா கேட்டார், "இந்த மாத்திரை போட்டா சில பேருக்குக் கண்ணு கூசும், நிறம் கொஞ்சம் மாறித் தெரியும். உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க," என்றார் துளி, கேள்வி முடிவதற்குள்.

இருந்தது. ஊசி போட்ட நாளிலிருந்தே இருந்தது. மருந்து உள்ளே போன அரைமணியில் ஜன்னல் வெளிச்சம் பொங்கும். வெள்ளைச் சுவர் வெள்ளையாக நிற்காது. மஞ்சள்தான் படுமோசம், பிடிகொடுக்காமல் வழுக்கும். ஆனால் தன் கண்ணில் கோளாறு என்று ஒரு நிறக்காரர் தன் வாயாலேயே சொல்லுவாரா? சொன்னால் அது கடைத்தெருவுக்குப் போய்ச்சேர எத்தனை நேரமாகும்? அவரைப் பொறுத்தவரை நுரையீரல் கெட்டது நோய், கண் கெட்டது அவமானம். இந்தக் கோணல் புத்திக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தூசியில்லாத இடமாகப் பார்த்து நிற்பேன், மாஸ்க்கை எடுக்க மாட்டேன், காலையில் மூன்று மணி நேரம் மட்டும் என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வேலைக்குப் போக அனுமதி வாங்கினார். வீட்டில் இருந்தால் நோயாளி, கடையில் இருந்தால் துளி. அவருக்கு அந்த மூன்று மணி நேரம் அவ்வளவு முக்கியமாக இருந்தது. மனைவி மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்குத் தன் கையாலேயே மாத்திரையும் தண்ணீரும் கொடுப்பாள். ஒன்பதுக்கு அவர் கடையில் இருப்பார்.

முதல் வாரத்திலேயே மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி, பெயிண்டிங் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன். பள்ளிக்கூடம் ஒன்றில் மாடிப்படிச் சுவர் நீர்க்கசிவால் ஊறிப்போயிருந்தது. பூசி முடித்தாயிற்று, கீழ்ப்பாதிக்குப் பழைய நிறம் வேண்டும். இளமஞ்சள். "மாமா, இது உங்களால மட்டும்தான் ஆகும்" என்று ஐஸ் வைத்தான். துளி கலந்தார், காயவைத்தார், வாசலில் நின்று பார்த்தார், சரி என்றார். வாளி போயிற்று.

தான் கலந்த நிறத்தைச் சுவரில் ஏறிய பிறகு ஒரு தடவையாவது போய்ப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நாலு நாள் கழித்து, சாயங்காலம், காலை மாத்திரையின் வேகம் முழுக்க வடிந்திருந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போனார். முதல் திருப்பத்தில் ஏறி நின்று பார்த்தார். மேல்பாதி ஒரு மஞ்சள், கீழ்ப்பாதி வேறொரு மஞ்சள். அவர் கலந்ததில் பச்சை ஏறியிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மைத்துனனுக்குப் பணம்கூட வந்துவிட்டது. துளிக்கோ யாரோ நடுத்தெருவில் வேட்டியை உருவின மாதிரி இருந்தது.

மறுநாள் காலை மனைவி மாத்திரையைக் கொடுத்தாள். அவர் வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கி, தண்ணீரைக் குடித்துவிட்டு, தெருமுனை திரும்பியதும் காகிதத்தில் துப்பினார். அன்று மஞ்சள் மஞ்சளாக இருந்தது. நிறம் ஒப்பிடுகிற வேலை இருக்கும் நாளில் மட்டும்தான் இப்படி என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். அப்புறம் பார்த்தால் எல்லா நாளிலும் அந்த வேலை இருந்தது. இரவு மாத்திரையை ஒழுங்காகத்தானே சாப்பிடுகிறோம், பாதிக்குப் பாதி பழுதில்லை என்பது அவர் நியாயம். பெயிண்டில் பாதி ஸ்டெய்னர் விட்டால் பாதி நிறமாவது வருமே என்று நினைத்திருப்பார். உடம்பு பெயிண்ட் வாளி இல்லையே.

ஆறு வாரம் கழித்து ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைத் திரையில் போட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"திட்டு குறையல. கொஞ்சம் பெருசாத்தான் ஆகியிருக்கு. ரத்தத்துல மருந்தோட அளவும் ரொம்பக் கம்மியா இருக்கு. மாத்திரையை விடாம சாப்பிடறீங்களா?"

துளி வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "ஒரு வேளை தப்பல டாக்டர்! நான் என் கையால குடுக்கறேன். குடிச்சு முடிக்கற வரைக்கும் எதிர்ல நிக்கறேன். அவரு மேல சந்தேகம்னா என் மேல சந்தேகம்னு அர்த்தம்."

குரல் வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். டாக்டரம்மா தலையாட்டினார். "சரிம்மா, உங்களை நம்பறேன். சில பேர் உடம்பு இந்த மருந்தை வேகமா எரிச்சிடும், இல்ல இந்த மருந்துக்கே பூஞ்சை மசியாம இருக்கும். எதுவா இருந்தாலும் இனி இதை நம்ப முடியாது. அட்மிட் பண்ணி வேற மருந்து நரம்புல ஏத்தணும். அது கிட்னியைக் கொஞ்சம் பாடுபடுத்தும். புற்றுக்கான மருந்து இன்னும் ஒரு மாசமாவது தள்ளிப்போகும். அது எனக்குப் பிடிக்கல, ஆனா வேற வழி தெரியல."

அட்மிஷன் சீட்டை எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள். மனைவி சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "பரவால்லங்க, பாத்துக்கலாம். லீவு போட்டுடறேன். நான் கூடவே இருக்கேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. தனக்காக ஒருத்தி டாக்டரிடம் மல்லுக்கு நின்றுவிட்டு வந்திருக்கிறாள், அத்தனையும் பொய்யைத் தாங்கிப் பிடிக்க. துளி நின்ற இடத்திலேயே நின்றார். லிப்ட் வந்தது, கதவு திறந்தது, மூடியது.

"என்னங்க, மூச்சு வாங்குதா?"

"இல்ல. ஒரு நிமிஷம் உள்ள வா."

அடுத்த நோயாளி உட்கார்ந்திருந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை. கதவருகில் நின்றபடியே சொல்லிவிட்டார். "மருந்து மேல தப்பில்லைங்க. காலை மாத்திரையை நான் துப்பிடறேன். அஞ்சு வாரமா. இவங்களுக்குத் தெரியாது."

டாக்டரம்மா உட்கார்ந்திருந்த நோயாளியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "ஏன்?" என்றார்.

துளி சொன்னார். மஞ்சளைச் சொன்னார், பள்ளிக்கூடத்துச் சுவரைச் சொன்னார். சொல்லச் சொல்ல அந்த அறையில் அது எத்தனை சின்ன விஷயமாக ஒலித்தது என்பது அவர் காதிலேயே விழுந்தது.

"அன்னிக்கே கேட்டேனே. இருக்குன்னு சொல்லியிருந்தா, விடிகாலைல அஞ்சு மணிக்குப் போடுங்கன்னு சொல்லியிருப்பேன். ஒன்பது மணிக்குள்ள பெரும்பாலும் தெளிஞ்சிடும். போகப் போக அதுவும் குறையும்." அவர் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகமாக இருந்தது. "ஒரு வார்த்தை சொல்லாததுக்கு அஞ்சு வாரம் போச்சு. நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க. சொல்லலேன்னா வேலை செய்யற மருந்தைத் தூக்கிப் போட்டுட்டு உங்க கிட்னியைக் கெடுத்திருப்பேன்." அட்மிஷன் சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்தார். "இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். ஒரு வேளைகூட தப்பக் கூடாது. அளவு ஏறலேன்னா அட்மிஷன்தான். அதுக்கப்புறம் என்கிட்ட வழி குறைச்சல்."

பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வீடு வந்து, செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "பஸ்ல ஓசில வர்றவனை மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிப்பேன். என் வீட்டுல என் முன்னாலயே ஒருத்தரு தினம் டிமிக்கி குடுத்திருக்காரு." அடுப்பங்கரைக்குள் போய் நின்று அழுதாள். துளி வாசற்படியில் நின்றாரே தவிர, உள்ளே போகத் துணியவில்லை.

அன்றிலிருந்து அலாரம் ஐந்து மணிக்கு அடித்தது. மாத்திரை ஒழுங்காக உள்ளே போயிற்று. டாக்டரம்மா சொன்னது போலவே ஒன்பது மணிக்குள் வெளிச்சத்தின் பொங்கல் அடங்கிவிட்டது. அடங்கியது என்றால் முழுக்க இல்லை. மஞ்சளில் மட்டும் ஒரு நூலிழை மிச்சம் நின்றது. வேறு யாரும் அதைப் பொருட்படுத்தியே இருக்க மாட்டார்கள். துளிக்கு அது பல்லிடுக்கில் சிக்கின நார், நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் ராத்திரி மைத்துனன் போன் பண்ணினான். அதே பள்ளிக்கூடம், அதே மஞ்சள், இந்தத் தடவை மூன்று மாடிக்கும். மறுநாள் ஒன்பதுக்கு நிறத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு மாத்திரையைக் கையில் வாங்கிய துளி அதை வாயில் போடவில்லை. உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னிக்கு ஒரு வேளை..." என்று ஆரம்பித்தார். மறைக்காமல் கேட்டாரே, அதுவே முன்னேற்றம்தான்.

மனைவி கத்தவில்லை. மாத்திரையை வாங்கிக் காகிதத்தில் பொதிந்து, தண்ணீர் பாட்டிலோடு டிக்கெட் பையில் போட்டுக்கொண்டாள். "சட்டையை மாத்துங்க. எந்தச் செவுரு அது, எனக்குக் காட்டுங்க."

பள்ளிக்கூடம் திறக்க நேரமிருந்தது. வாட்ச்மேன், மைத்துனனைத் தெரிந்தவர், உள்ளே விட்டார். முதல் திருப்பத்தில் துளி நின்று கையைக் காட்டினார். விடிந்து வருகிற வெளிச்சம் நேராகச் சுவரில் விழுந்தது.

"இதான். இந்தக் கோட்டுக்கு மேல சரி. கீழ பாரு, பச்சை அடிக்குது. அசிங்கமா இல்ல?"

அவள் பார்த்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள், நாலு படி இறங்கி நின்று பார்த்தாள். கீழே நின்ற வாட்ச்மேனைக் கூப்பிட்ட கூப்பாட்டில் மாடியில் புறாக்கள் பறந்தன. "அண்ணே! கொஞ்சம் மேல வாங்க. இந்தச் செவுத்துல என்னமோ சரியில்லயாம், என்னன்னு பாத்துச் சொல்லுங்க!"

வாட்ச்மேன் ஏறி வந்து அக்கறையாகப் பார்த்தார். சுவரைத் தட்டிக்கூடப் பார்த்தார். "மறுபடியும் தண்ணி ஊறுதாம்மா? தெரியலயே. நல்லா காஞ்சுதானே இருக்கு."

"நிறம்யா, நிறம்!" என்றார் துளி.

"மஞ்சதானே சார்? ஜோராத்தான் இருக்கு. தினம் பத்து தடவை ஏறி இறங்கறேன்."

துளி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வரும் போலிருந்தது. இந்தப் பச்சையைத் தவிர்க்கத்தான் அஞ்சு வாரம் துப்பினார். இதைத்தான் உலகமே பார்த்துச் சிரிக்கிறது என்று நினைத்தார். "உங்க யாருக்கும் கண்ணே இல்ல" என்றார், சத்தமே வராமல்.

"இல்லதாங்க," என்றாள் மனைவி. "நீங்க விரல் வச்சுக் காட்டியும் எனக்குத் தெரியல. நீங்க பொய் சொல்லலேன்னு தெரியும், அங்க பச்சை இருக்குன்னு நம்பறேன். இருந்துட்டுப் போகட்டும். ஆனா நீங்க இல்லாத வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க ஆஸ்பத்திரில கெடந்த அந்தப் பத்து நாள் ஷிப்ட் முடிஞ்சு வந்து கதவைத் தொறந்தேனே, தொறந்த உடனே தெரிஞ்சுது. அதைப் பாக்கறதுக்கு எனக்குத் தனியாக் கண்ணு வேண்டியிருக்கல."

வாட்ச்மேன் என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பிடியைத் துடைத்தார்.

துளி மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். அவள் மாத்திரையைக் கையில் கொடுக்கவில்லை, வாயிலேயே போட்டாள். பாட்டிலைத் திறந்து கொடுத்தாள், அவர் குடித்தார்.

"வாயைத் தொறங்க," என்றாள்.

அவர் வாட்ச்மேனை ஒருமுறை பார்த்தார். பிறகு நாக்கைத் தூக்கி, இரண்டு கன்னத்தையும் விரலால் விலக்கி, பெரிதாகத் திறந்து காட்டினார்.